மிச்சத் தீனி

ஏப்ரல் 3, புதன்

இந்த நோட்டு இரத்த அழுத்தம் எழுதி வைக்க வாங்கியது. தினமும் காலையில் அளந்து குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு பக்கத்தில் ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டு மீதியை வெள்ளையாக விட எனக்கு மனசு வரவில்லை. ஆகவே கூடவே நாலு வரி எழுதலாம் என்று இருக்கிறேன். இன்று 142/90. நாற்பத்தாறு வயதுக்கு இது அதிகமாம். "ஏதாவது டென்ஷனா மேடம்?" என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

ஒன்றும் இல்லைதான். ஆகஸ்டில் அறக்கட்டளைக் கூட்டம், அவ்வளவுதான். பணத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். நீட்டித்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். இல்லையென்றால் செப்டம்பர் முப்பதோடு ஆய்வகத்துக்குப் பூட்டு. எனக்கும் சவரிமுத்துவுக்கும் வேலை இருக்காது. எலிகளைக் கொன்றுவிடுவார்கள்.

நான் எலிக்கு மருந்து கொடுக்கிறவள் என்று தெரிந்ததும் கீழ் வீட்டு அம்மா தன் சமையலறைக்கு ஒரு பொட்டலம் கேட்டார். என் மருந்து எலி சாகாமல் இருக்க என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உடம்பு ஏன் கிழடு தட்டுகிறது, அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. அரசாங்கக் குழுக்கள் மூன்றிடம் பணம் கேட்டேன். ஆரம்பச் சான்று காட்டு, தருகிறோம் என்றார்கள். ஆரம்பச் சான்றைக் கொண்டுவரத்தானே பணம் கேட்கிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை.

பணம் கொடுத்தது சென்னியப்பன் ஐயா. மோட்டார் பம்பு செய்து பெரிய ஆளானவர், கோவையில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு சங்கத்தில் நான் பேசப் போயிருந்தபோது எழுந்து நின்று சொன்னார்: "பம்பு தேஞ்சா பேரிங்கை மாத்தறமுங்க. மனுசன் தேஞ்சா என்னத்த மாத்தறதுன்னு நீங்க பாருங்க அம்மிணி. செலவை நான் பாத்துக்கறேன்." மறு வாரமே அறக்கட்டளைக் காகிதம் வந்தது. யாரும் தொடாத ஆராய்ச்சியில், ஒன்றுமே நிரூபணமாகாத நேரத்தில் ஒரு மனிதர் என்னை நம்பினார். அதை நான் மறக்கவில்லை.

எலிகள் நூற்றிருபது. பாதிக்குச் சாதாத் தீனி, பாதிக்குக் கொடித் தீனி. கொடி என்பது மேற்கு மலையில் கிடைக்கிற ஒரு செடி, அதன் வேரைப் பொடித்துத் தீனியில் கலக்கிறோம். பெயரை இங்கே எழுத மாட்டேன். நோட்டு தொலைந்தால் காப்புரிமையும் சேர்ந்து தொலையும். இருபத்தேழு மாதம் ஆகிறது. மனுஷக் கணக்கில் எண்பதைத் தொட்ட கிழங்கள். சாதாவில் இருபத்தொன்பது மிஞ்சியிருக்கிறது, கொடியில் நாற்பத்தைந்து. அந்த வித்தியாசத்தைப் பார்க்கிற நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

140/90.

சவரிமுத்து பதினோரு வருஷமாக விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். இன்று கூண்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே பேச்செடுத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. கொடித் தீனிக் கூண்டுல மிச்சம் ரொம்ப வுழுகுதுங்க."

"எவ்வளவு?"

"வாரத்துக்கு அரை வாளி வருதுங்க. சாதாக் கூண்டுல ஒரு கை கூட வராதுங்க. வீணாப் போகுதேன்னு வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிக் கோழிக்குப் போட்டனுங்க. ஒரு கொத்துக் கொத்திப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. கோழியே தொடலீங்க!"

ஆராய்ச்சித் தீனியை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக அவரைத் திட்டினேன். விதிமுறை என்ன தெரியுமா, நோய் பரவினால் யார் பொறுப்பு என்று கால் மணி நேரம் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு தட்டுக் கழுவினார். அந்த அளவுக்குத் திட்டியிருக்க வேண்டாம்.

எங்கள் பதிவுத் தாளில் 'போட்ட தீனி' என்று ஒரு கட்டம் உண்டு. 'மிச்சம்' என்று கட்டம் கிடையாது. தாளைத் தயாரித்தவள் நான். மரத்தூளுக்குள் கிடக்கிற துணுக்குகளைப் பொறுக்கி எடைபோட நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகும், ஆள் ஒருவர்தான், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதல் வருஷம் விட்டேன். அப்புறம் எலிகள் சாகாமல் இருக்க ஆரம்பித்தன. அந்தச் சந்தோஷத்தில் கட்டத்தை நினைக்கவே இல்லை.

குறைவாகத் தின்கிற எலி அதிக நாள் வாழும். எங்கள் துறையில் இது முதல் பாடம், தொண்ணூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. அதற்குக் கொடியும் தேவையில்லை, நானும் தேவையில்லை.

எலி சிந்திச் சாப்பிடும், அதுதான் மிச்சம். இருந்தாலும் இரண்டு வாரம் எடைபோடச் சொல்லியிருக்கிறேன். சும்மா ஒரு திருப்திக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

148/94.

சவரிமுத்து தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கொடித் தீனி எலிகள் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தின்கின்றன.

தாளை இழுப்பறையில் வைத்தேன். சாயங்காலம் உழவர் சந்தைக்குப் போனேன். முருங்கைக்காய் நன்றாக இருந்தது. சாம்பார் வைத்தேன். இவர் உப்புக் குறைச்சல் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னதே டாக்டர்தான் என்றேன். "திலோ, உனக்குத்தானே சொன்னார், எனக்கு என்ன வந்தது?" என்று ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாக்குக்கு அடிமை.

மே 6, திங்கள்

150/94.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பதற ஒன்றும் இல்லை.

முதலாவது, பசியைக் குறைப்பதும் ஒரு மருந்துதானே. இரண்டாவது, சரியான சோதனை எப்படிச் செய்வது என்று எனக்கே தெரியும். சாதாத் தீனி எலிகளில் ஒரு கூட்டத்துக்குக் கொடித் தீனி எலிகள் தின்கிற அளவை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இதே அளவுக்கு வாழ்ந்தால் கொடி சும்மா. அதைவிடக் கொடி எலி கூட வாழ்ந்தால் கொடியில் விஷயம் இருக்கிறது. ஆனால் இரண்டரை வயசு எலியைக் கடையில் வாங்க முடியாது. குட்டியிலிருந்து வளர்த்துக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து வருஷப் பணம் வேண்டும். பணம் வேண்டுமானால் ஆகஸ்டில் நான் நல்ல வரைபடம் காட்ட வேண்டும்.

ஆகவே முதலில் பணம், பிறகு சோதனை, பிறகு உண்மை. எல்லோரும் இந்த வரிசையில்தான் செய்கிறார்கள். யாரை ஏமாற்றப் போகிறேன்? மிச்சத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மே 17, வெள்ளி

சாதாத் தீனி எலி ஒன்று செத்தது. வரைபடத்தில் இடைவெளி இன்னும் அகலமாகும் என்று சந்தோஷப்பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

146/92.

சென்னியப்பன் ஐயா வந்திருந்தார். லிஃப்ட் வேண்டாம் என்று மூன்று மாடியும் படியேறி வந்தார். எழுபத்தெட்டு வயது! மேலே வந்து சேர்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்ளா அம்மிணி, மூச்சு வாங்குதா?" வாங்கியது. வாங்கவில்லை என்றேன்.

மெலிந்திருக்கிறார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் வளையம்போல் நின்றது. வேட்டிக்கு மேல் பெல்ட்டைப் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கியிருக்கிறார். நடைப்பயிற்சி என்று நினைக்கிறேன்.

கொடி எலி ஒன்றைச் சவரிமுத்து கையில் எடுத்துக் காட்டினார். ஐயா விரலால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு எலும்பாக இருக்கிறதே என்றார். கொழுப்பு இல்லாத உடம்பு, அதுதான் ஆரோக்கியம் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா! எங்கூட்டுல அது தெரியாம சண்டை புடிக்கறாங்கொ" என்றார். சவரிமுத்து எலியைக் கூண்டில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேன்டீனிலிருந்து டீயும் வடையும் வந்தன. தட்டைத் தள்ளி வைத்தார்.

"பசிக்கறதில்லீங்க இப்பெல்லாம்."

போகும்போது ஆகஸ்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். மகன் குமரகுருவுக்கு இதில் இஷ்டம் இல்லையாம். அதே பணத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் மையம் ஒன்று கட்டலாம் என்கிறாராம். "எலி சாகாம இருக்கறதுக்கு நாம எதுக்குக் காசு குடுக்கோணும்னு கேக்கறானுங்க. கேக்கட்டும். ஓட்டெடுக்கற அன்னிக்கு நான் காட்டறேன் பாருங்க."

என்ன காட்டப் போகிறார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். இந்த முறை லிஃப்டில்தான் போனார்.

ஜூன் 28, வெள்ளி

அறிக்கை முடிந்தது. நாற்பது பக்கம். எடைக் குறைவு என்பதை 'கொழுப்புச் சேராத உடலமைப்பு' என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. அளந்த எண்களும் பொய் இல்லை. இரண்டு தடவை திரும்பிப் படித்தேன், ஒரு வரிகூடப் பொய் இல்லை.

போன வருஷ ஆண்டு விழாவில் அவர் கேட்டது இன்று என்னவோ ஞாபகத்துக்கு வந்தது. "இந்தக் கொடி மலையில எங்க கெடைக்குமுங்க?" என்றார். நான் சிரித்தேன். "சும்மாதான் கேட்டனுங்க" என்றார். அவருக்கு மலையில் தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், வருஷா வருஷம் அவருக்குப் போகிற அறிக்கையில் கொடியின் பெயரும் இருக்கிறது.

மனசு எங்கெங்கோ போகிறது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 10, புதன்

திங்கட்கிழமை காலை ஐயா குளியலறையில் விழுந்துவிட்டாராம். இன்றுதான் தெரிந்தது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டு மட்டும்தான் அவர் உடம்பில் பருமனாக இருந்தது. தலை சுற்றியது, அவ்வளவுதான் என்றார். அவர் மனைவி தெய்வாத்தாள் அம்மா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

"எட்டு மாசமாச்சுங்க அம்மிணி. காலைல அரை இட்டிலி. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு. எதைப் போட்டாலும் மொகத்தைச் சுளிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாரு. மொதல்ல எல்லாரும் எளமை திரும்பிருச்சுன்னாங்கொ. இப்ப பாருங்க."

ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். பழுப்புப் பொடி. மூடியைத் திறக்கும் முன்பே வாசனை தெரிந்துவிட்டது. இரண்டரை வருஷமாக என் புடவையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாசனை அது.

"இது நல்லதுதானுங்ளே? நீங்க கண்டுபுடிச்சதுதானுங்ளே?"

டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள்! நான்தான் அந்த வேரைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவள். காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

156/98. தயிர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

154/98.

ஒரு வாரம் கழித்து இன்று போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். ஐயா, அந்தப் பொடியை நிறுத்திவிடுங்கள், அது மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தது இல்லை, பாதுகாப்பானதா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

சிரித்தார்.

"நீங்க அப்படித்தானுங்க சொல்லோணும். நானும் பம்புல 'ஈரக் கையில தொடாதே'ன்னு எழுதித்தானே விக்கறேன். புரியுதுங்க. உங்க மேல பழி வராது, கவலைப்படாதீங்க."

"இல்லைங்க ஐயா, நிஜமாகவே சொல்கிறேன்."

"எலி நெசமா சாகாம இருக்குதுங்ளா இல்லீங்ளா?"

இருக்கிறது என்றேன்.

"அப்பறம் என்னங்க" என்று வைத்துவிட்டார்.

அவரை நிறுத்த ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எலிகள் ஏன் சாகாமல் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஆகஸ்டில் பணம் இல்லை. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று நாள் முழுக்க யோசித்தேன். அவருடைய டாக்டருக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது. கூட்டம் இன்னும் ஐந்து வாரம். ஓட்டு முடிந்த மறு நிமிடம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஐந்து வாரத்தில் என்ன ஆகிவிடும்?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. கீழ் வீட்டிலிருந்து ஒப்புட்டு கொடுத்தார்கள், இந்த ஊர்ப் போளி. இவர் நாலு சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு விதமாகப் படங்கள் தயார் செய்திருக்கிறேன். ஒன்றில் மிச்சத் தாள் உண்டு, இன்னொன்றில் இல்லை. இரண்டாவதைத்தான் ஒத்திகை பார்க்கிறேன். இவர் கேட்டுவிட்டுப் பிரமாதம் என்றார். "அப்புறம் ஏன் நீ ஒப்புட்டைத் தொடலை?" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

158/100. டாக்டர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார்.

இன்று சவரிமுத்து நேராகவே கேட்டார். எப்போதும் வாசலில் நின்றுதான் பேசுவார். இன்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எழுதிக் குடுத்த தாளு எங்கீங்க மேடம்?"

"பத்திரமாக இருக்கிறது."

"கூட்டத்துல காட்டுவீங்ளா?"

பணம் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். உங்களுக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், அதை நினைத்துப் பார்த்தீர்களா என்றேன். குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

"எனக்குக் கோழிப்பண்ணையில கூப்புட்டுட்டேதான் இருக்கறாங்க. நான் பொழச்சுக்குவனுங்க. எம் பேரைச் சொல்லிக்கிட்டு நீங்க இதைச் செய்யாதீங்க." எழுந்து நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைத்தார். "அந்தப் பெரியவரு கையைப் பாத்தனுங்க அன்னிக்கு, எலியத் தடவுனப்ப. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க."

ஐயா அந்தப் பொடியைச் சாப்பிடுவது அவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லையே. அவரும் அதே வாசனையோடுதான் பதினோரு வருஷமாக வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, இரண்டரை வருஷம். எண்ணெல்லாம் குழம்புகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று அளக்கவும் இல்லை.

கூட்டம் அறக்கட்டளை அலுவலக மாடியில் நடந்தது. ஏழு பேர். ஐயா மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் "ரொம்ப எளைச்சுட்டீங்ளே" என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார். ஆளுக்கு ஒரு தட்டு வைத்திருந்தார்கள், வடை, கேசரி, சட்னி. நான் மிச்சத் தாள் இல்லாத படங்களைத்தான் கணினியில் திறந்து வைத்திருந்தேன். அதை இந்த நோட்டில் மறைக்க விரும்பவில்லை. கடைசி நிமிடம் வரை அப்படித்தான் இருந்தேன்.

குமரகுரு மரியாதையாகத்தான் பேசினார். எலியிடம் நடந்தது மனுசனிடம் நடக்கும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன் ஐயா எழுந்துவிட்டார். மேஜையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நிச்சயம் வேணும்ங்ளா? இந்தா, என்னையப் பாருங்க. ஒம்போது மாசமா நானும் அதைத்தான் சாப்புடறேன். சக்கரை கொறஞ்சிருச்சு. உடம்பு பஞ்சாட்டம் இருக்குது. இந்த அம்மிணிக்காவ நான் சாட்சி சொல்றேன். எலி சொல்லாட்டிப் போவுது, நான் சொல்றேன்."

அன்றைக்குக் காட்டுகிறேன் என்று சொன்னது இதைத்தான். தன்னையே கொண்டுவந்து எனக்காக நிறுத்தினார். ஊன்றிய கை ஆடிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்த கரண்டி அந்த ஆட்டத்தில் டக்டக்கென்று சத்தம் போட்டது. எல்லோரும் அந்தக் கரண்டியைப் பார்த்தார்கள்.

"உட்காருங்கள் ஐயா" என்றேன். இன்னொரு கோப்பைத் திறந்தேன். மிச்சத் தாளைத் திரையில் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சொன்னேன். தீனி கசப்பு. எலிகளால் தின்ன முடியவில்லை. குறைவாகத் தின்றதால் அதிக நாள் இருக்கின்றன. கொடியால் ஏதாவது நன்மை உண்டா என்று இந்தச் சோதனையிலிருந்து சொல்லவே முடியாது. இரண்டரை வருஷம் நான் உங்கள் பணத்தில் எலிகளைப் பட்டினி போட்டிருக்கிறேன், அது எனக்கே தெரியாமல் நடந்தது. இளம் எலிக்கு அது ஒத்துக்கொள்ளலாம். எழுபத்தெட்டு வயது மனிதருக்கு அது ஆபத்து. ஐயா மெலிந்தது இளமை இல்லை, சாப்பிடாததுதான்.

நீட்டிக்க வேண்டாம் என்கிறவர்களைக் குமரகுரு கையைத் தூக்கச் சொன்னார். ஆறு கைகள். நீட்டிப்பு இல்லை என்று முடிவானது. ஐயா கையைத் தூக்கவும் இல்லை, அதைத் தடுக்கவும் இல்லை. செப்டம்பர் முப்பது வரை எலிகளுக்குத் தீனிப் பணம் தருவதாக எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவற்றை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. குமரகுரு அப்பாவுக்கு வண்டியைக் கொண்டுவரக் கீழே போனார். எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் கணினியை மூடிக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியதையே அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். அவர் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஏப்ரலில்."

விரலை மடக்கிப் பார்த்தார். கோபம் எதுவும் குரலில் இல்லை.

"நான் வுழுந்தது ஜூலைலீங்க."

"ஆமாம் ஐயா."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எதிரில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வடை ஆறி, எண்ணெய் தட்டில் படிந்திருந்தது.

"பசிக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னனுங்க. பசி இல்லாம இல்லை. வாயில வெச்சா அத்தனையும் கசக்குது. ஒப்புட்டு சுட்டாங்கொ ஆடிக்கு. பேத்தி ஊட்டிவுட வந்துச்சு. வேண்டாம்னு மொகத்தைத் திருப்பிட்டேன், அது அழுதுட்டே போச்சுங்க. பொறுத்துக்கிட்டா இன்னும் பத்து வருசம் அதுகூட இருக்கலாமுன்னு..." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதுகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமுங்ளா? அந்த எலிகளுக்கு?"

"இருந்திருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, பம்பு வாங்க வந்தவரிடம் விவரம் கேட்கிற மாதிரி அத்தனை நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நான் இனிச் சாப்புடலாமுங்ளா அம்மிணி?"

சாப்பிடலாம் என்று தலையை மட்டும் அசைத்தேன். மாவுக்கட்டு போட்ட கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வடையைப் பிய்த்து வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெகுநேரம் மென்றார். இன்னும் கசக்கிறதா என்று கேட்டேன். கசக்குதுங்க என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டார். கேசரி இருந்த என் தட்டையும் அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.